துண்டுகள் பார்த்த ஆட்டம்

கோல்கீப்பருக்கு வேலை குறைவு, வேடிக்கை பார்க்க நேரம் அதிகம். பந்து எதிர்ப்பக்கம் போய்விட்டால் மைதானத்தின் இந்த முனையில் நானும் என் காலில் கட்டிய பேடும் மட்டும்தான். கரிசல் தரையிலிருந்து கானல் எழும்பும். தூரத்தில் ஓடுகிற ஆட்டக்காரர்களின் கால்கள் மண்ணைத் தொடாமல் மிதப்பதுபோல் தெரியும். தீப்பெட்டி ஆபீஸ் பக்கமிருந்து மருந்து வாசனை வரும், மில் சங்கு ஊதும், தண்டவாளத்துக்கு அப்பால் யாரோ ஆடுகளை அதட்டி ஓட்டிக்கொண்டு போவார்கள். இதெல்லாம் கலந்து எனக்கு ஒரு மயக்கம் வரும். அந்த மயக்கத்தில் நின்றபடியேதான் என் கல்லூரி நாட்களைக் கழித்தேன். எங்களுக்கு ஆட்டம் பழக்கிய மாஸ்டர் என்னைத் தூங்குமூஞ்சி என்பார். பந்து பக்கத்தில் வந்தால் விழித்துக்கொள்வேன் என்பதால் டீமில் வைத்திருந்தார்.

அறுபதுகளின் பின்பாதி அது. எங்கள் கல்லூரி தொடங்கிய புதிது. கோவில்பட்டியில் அப்போது கிரிக்கெட் என்றால் ரேடியோவில் வரும் சங்கதி, அவ்வளவுதான். தெருவில் ஆடுவது ஹாக்கி. கடையில் மட்டை வாங்க வழியில்லாத வீட்டுப் பையன்கள் கருவேலங் கம்பை நெருப்பில் வாட்டி வளைத்துக்கொள்வார்கள். மில்லுக்கு ஒரு டீம், ரயில்வேக்கு ஒரு டீம், பஜாருக்கு ஒரு டீம். சலூனில் முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, ரைட் எக்ஸ்ட்ரீமில் ஆடியவன் ஏன் அந்தப் பந்தை சென்டர் செய்யவில்லை என்று கேட்பார். பாதித் தலையோடு நாம் பதில் சொல்ல வேண்டும்.

அப்படிப்பட்ட ஊர் என்று சொல்லித்தான் மாஸ்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் ஆடியவர். காவேரியில் நீந்திக் குளித்த கதையைப் பயிற்சி முடிந்ததும் சொல்லுவார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். ஆற்றில் குதிப்பது, ஆழத்தில் கண்ணைத் திறப்பது, பச்சை நிறத்தில் வெளிச்சம் தெரிவது இதெல்லாம் எங்களுக்குச் சொர்க்கத்தைப் பற்றிய பேச்சு மாதிரி. அவர் முன்கோபி. கோபம் வந்தால் இன்ன இடம், இன்ன ஆள் என்று பார்க்கமாட்டார். ஆனால் யாருக்காவது கால் பிசகிவிட்டால் தன் மடியில் வைத்துத் தைலம் தேய்த்துவிடுவார். எனக்கு அவர்மேல் பயமும் உண்டு, ஆசையும் உண்டு.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் அவர் வாடகைக்கு இருந்தார். மனைவி, ஒரு கைக்குழந்தை. எங்கள் வீட்டில் அம்மா, மில் வேலைக்குப் போகிற அண்ணன், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த மதினி, நான்.

இனி துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

துண்டு போட்டு இடம் பிடிப்பது தமிழ்நாடு முழுக்க உள்ளதுதான். பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போடுவார்கள், கூத்து நடக்கும் பொட்டலில் போடுவார்கள். எங்கள் ஊரில் அது ஒரு சட்டம். மைதானத்தின் ஓரத்தில் காலையிலேயே வந்து துண்டை விரித்து நான்கு மூலையிலும் கல்லை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் அவருடையது. அவர் வந்தாலும் வராவிட்டாலும் இன்னொருவர் அதில் உட்காரமாட்டார். என் கோலுக்குப் பின்னால் ஜவுளிக்கடை பாயின் துண்டு கிடக்கும். பச்சைக் கட்டம் போட்டது. அதற்கு அந்தப் பக்கம், நாகலாபுரத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த ஒரு சம்சாரியின் காவித் துண்டு. மழை பொய்த்து நிலம் வெடித்துக் கிடந்ததால் அவருக்கு ஊரில் உழவு வேலை இல்லை. ஆட்டம் நடக்கும் நாளில் கறுப்பு மண்ணைச் சுற்றி வெள்ளையும் காவியும் கட்டமுமாக அந்த வரிசையைப் பார்த்தாலே எனக்கு உடம்பில் ஒரு தெம்பு வரும்.

அந்த வருஷக் கோடையில் எங்கள் கல்லூரி ஒரு டோர்னமென்ட் நடத்தியது. மில் டீம்களுக்கு ஷிப்ட் முடிந்துதான் வரமுடியும் என்பதால் நாலு மணிக்கு மேல்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். வெயிலும் அப்போதுதான் கொஞ்சம் இறங்கும். முதல் பாதி முடிகிற நேரத்துக்கு ஐந்து மணிப் பாசஞ்சர் வடக்கேயிருந்து வரும். முதலில் புகை தெரியும், பிறகு ஊதல் கேட்கும். ஊதல் கேட்டதும் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் எழுந்துவிடுவார்கள். துண்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். இரண்டாவது பாதியை நாங்கள் துண்டுகளுக்கு முன்னால்தான் ஆடுவோம்.

அவர்கள் போனது மணியாச்சிக்கு, தண்ணீருக்கு. அந்த வருஷம் ஊர்க் கிணறுகள் எல்லாம் வற்றித் தூர் தட்டிவிட்டன. தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. மணியாச்சி ஜங்ஷனில் இன்ஜினுக்கு வருகிற தண்ணீர் ஆற்றுத் தண்ணீர் என்பது ஊரின் நம்பிக்கை. பாசஞ்சரில் குடத்தோடு போய், அங்கே இறங்கிப் பிடித்து, எதிர்த்திசையில் வருகிற வண்டியில் ஏறி, விளக்கு வைத்த பிறகு திரும்பி வருவார்கள். அந்தத் தண்ணீர்தான் குடிக்க, சமைக்க எல்லாம். வீட்டுப் பெண்கள் குடங்களோடு முன்னாலேயே பிளாட்பாரத்தில் காத்திருப்பார்கள். ஆண்கள் மைதானத்திலிருந்து போய்ச் சேர்ந்துகொள்வார்கள். எங்கள் வீட்டில் அண்ணனுக்கு ஷிப்ட், எனக்கு ஆட்டம். அதனால் மதினி ஒருத்தியே இரண்டு குடத்தோடு போய்வருவாள். நான் கோலில் நிற்கிற லட்சணத்தை அவள் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. ஆனால் தினமும் கேலி செய்வாள்.

"என்ன கொழுந்தனாரே, இன்னைக்கும் நின்னுக்கிட்டே தூக்கமா?" என்பாள், குடத்தை இறக்கி வைத்தபடி.

இரண்டு குடத்தில் ஒன்று எங்களுக்கு. இன்னொன்றை அடுத்த வீட்டு வாசல்படியில் வைத்துவிட்டு வருவாள். கைக்குழந்தைக்காரி, வெளியூர்ப் பிள்ளை, ரயிலில் ஏறி இறங்க முடியுமா என்பது அவள் வாதம். மாஸ்டரின் மனைவி வெறுங்குடத்தைக் கழுவிக் காலையில் எங்கள் வாசலில் வைத்துவிடுவார். இரண்டு பெண்களும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

மாஸ்டருக்கு இது தெரியாது. தெரு முனையில் குழாய் இருப்பதைப் பார்த்திருந்தார், வீட்டில் குடம் நிறையத் தண்ணீர் இருப்பதைப் பார்த்திருந்தார், இரண்டையும் சேர்த்துக்கொண்டார். அதிகாலையில் மைதானத்துக்கு வந்துவிட்டு விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிற மனிதருக்கு அதற்கு மேல் தெரிய வழியில்லை. எங்களில் யாரும் அவரிடம் சொல்லவுமில்லை. இது எங்கள் பக்கத்து ஆட்களின் ஒரு வீம்பு. விருந்தாளியிடம் சோறு இல்லை என்றுகூடச் சொல்லிவிடுவோம், தண்ணீர் இல்லை என்று சொல்ல வாய் வராது. அதுவும் காவேரியில் குதித்துக் குளித்த மனிதரிடம் நாங்கள் ரயில் ஏறிப்போய்க் குடிதண்ணீர் பிடிக்கிறோம் என்று எந்த முகத்தோடு சொல்ல முடியும்?

கால் இறுதி ஆட்டத்தன்று அது நடந்தது. நாங்கள் ஒரு மில் டீமோடு ஆடினோம். முதல் பாதி ஆளுக்கு ஒரு கோல். கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போது புகை தெரிந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

மாஸ்டர் மைக் வைத்திருந்த மேஜைக்குப் போனார். ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். ஸ்பீக்கர் குழாய் ஸ்டேஷனைப் பார்த்துக் கட்டியிருந்தது.

"இந்த ஊர்ல ஹாக்கின்னா உயிர்னு சொன்னாங்க. நம்பி வந்தேன். பிள்ளைங்க முட்டி தேய ஆடுறாங்க, நீங்க பாதியில எழுந்து போறீங்க. அப்படி என்னய்யா தலை போற வேலை? நாங்க என்ன துண்டுக்கா ஆடிக் காட்டுறோம்? வர்றதா இருந்தா முழுசா வாங்க. இல்லேன்னா துண்டையும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

போய்க்கொண்டிருந்த கூட்டம் நின்றது. யாராவது ஒருவர் பதில் சொல்லியிருக்கலாம். தண்ணீருக்குப் போகிறோம் மாஸ்டர் என்று ஒரு வார்த்தை. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும்தான் வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் பேசியது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்துவிட்டு ஆளில்லாத மைதானத்தில் விழுந்து புரள எனக்கும் வெறுப்பாகத்தான் இருந்தது. பாய் திரும்பி வந்து, கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, பச்சைக் கட்டத் துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மற்றவர்களும் அதேபோல் எடுத்துக்கொண்டார்கள். ரயில் ஊதியது. மைதானத்தைச் சுற்றிலும் கற்கள் மட்டும் கிடந்தன.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். அரை இறுதியிலும் ஜெயித்தோம். அரை இறுதிக்கு ஒரு துண்டுகூட வரவில்லை. அப்படி ஒரு அமைதியை நான் மைதானத்தில் கேட்டதில்லை. பந்து மட்டையில் படுகிற சத்தம் தண்டவாளம்வரை போய்த் திரும்பி வந்தது. மாஸ்டர் கோட்டோரத்தில் முழு ஆட்டமும் நடந்துகொண்டே இருந்தார். ஒரு இடத்தில் நின்று தரையில் கிடந்த கல்லைக் காலால் தள்ளிப் பார்த்தார். இறுதி ஆட்டத்துக்கும் ஊர் வராது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு அவர் எங்கள் யாரையும் திட்டவில்லை. அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

வீட்டில் அம்மா, இனி அந்த வீட்டுக்குக் குடம் வைக்க வேண்டாம் என்றாள். ஊரையே சந்தியில் நிறுத்திப் பேசிவிட்டாரே என்று அவளுக்கு ஆத்திரம். ஆனால் மதினி அன்றைக்கும் வந்து குடத்தைப் படியில் வைத்தாள்.

அரை இறுதிக்கு மறுநாள் மதினிக்குக் காய்ச்சல். பயிற்சிக்கு லீவு சொல்லிவிட்டுக் குடத்தை நான் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டியில் ஏறி ஒரு மூலையில் ஒண்டினேன். வண்டி நகரும் சமயத்தில் மாஸ்டர் ஓடிவந்து அதே பெட்டியில் ஏறினார். இறுதி ஆட்டத்துக்கு அம்பயரை ஏற்பாடு செய்யத் திருநெல்வேலிக்குப் புறப்பட்டிருந்தார். சலவை வேட்டி, கையில் ஒரு பை. கால் வைக்க இடமில்லை. பெட்டி முழுக்கக் குடம், குடத்துக்கு நடுவில் ஆட்கள். அவர் மைக்கில் திட்டிய அத்தனை முகங்களும் அவரைத் திரும்பிப் பார்த்தன.

பாய் தன் குடத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பெஞ்சில் காலியான இடத்தில் தோளிலிருந்த பச்சைக் கட்டத் துண்டை விரித்தார்.

"மாஸ்டர், இங்கன உக்காருங்க."

மாஸ்டர் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது, காய்ந்த பருத்திமார் பிடுங்காமல் நின்றது, வெயில் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. நாகலாபுரத்துச் சம்சாரிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அன்றைக்கு அந்த மில் ஆட்டத்தில் இரண்டாவது கோல் எப்படி விழுந்தது என்று கேட்டார். லெப்ட் இன் ஆடுகிற பையன் தானே கொண்டுபோய் அடித்தானா, பாஸ் வாங்கி அடித்தானா என்று இந்தப் பெட்டியில் மூன்று நாளாகச் சண்டை நடக்கிறதாம்.

அப்போதுதான் எனக்கே அது தெரிந்தது. அவர்கள் இரண்டாவது பாதியை விட்டுவிட்டு வரவில்லை, அதையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். தினமும் போகும்போதும் வரும்போதும், இந்நேரம் இன்னார் பந்தை எடுத்திருப்பான், இந்நேரம் இன்னார் விழுந்திருப்பான் என்று மணியாச்சிவரை ஆடிக்கொண்டே போயிருக்கிறார்கள். மறுநாள் காலையில் யாரிடமாவது கேட்டுச் சரிபார்ப்பார்கள். பாய் என்னைக் காட்டி, இந்தத் தம்பி இடதுபக்கம் வருகிற பந்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் காலை நீட்டுவான் என்றார். அது உண்மை. மாஸ்டர் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையாகப் பதில் சொல்ல ஆரம்பித்து, கடம்பூர் தாண்டுவதற்குள் இரண்டு கையையும் வீசி ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

மணியாச்சி வந்தது. பேச்சு பாதியில் நின்றது. வண்டி நிற்பதற்கு முன்பே எல்லோரும் குதித்தார்கள். பாய் தன் வயதுக்கும் தொப்பைக்கும் பொருந்தாத வேகத்தில் ஓடினார். சம்சாரி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு ஓடினார். பெண்கள் இடுப்பில் குடத்தோடு ஓடினார்கள். குழாயடியில் தள்ளுமுள்ளு, சத்தம், குடத்தில் தண்ணீர் விழுகிற அந்தச் சத்தம். நான் இரண்டு குடத்தையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது மாஸ்டர் என் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் போகவேண்டிய வண்டி புறப்பட்டுவிட்டிருந்தது.

"எங்க வீட்டுக் குடம்?" என்று கேட்டார்.

"இதுல ஒண்ணு உங்க வீட்டுக்கு, மாஸ்டர்."

"நேத்தும் வச்சீங்களா?"

"மதினி நேத்தும் வச்சாங்க."

"என்கிட்ட ஏன்டா யாருமே சொல்லலை?"

அவர் பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டார். சலவை வேட்டி நனைந்தது. திரும்பும் வண்டியில் அந்தக் குடத்தை முழங்காலுக்கு நடுவில் வைத்துக் கையால் மூடியபடி வந்தார். குடத்துத் தண்ணீர் வண்டியின் ஆட்டத்தில் விளிம்புவரை வந்து வந்து திரும்பியது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் காலை பஜாரில் ஒரு குதிரை வண்டி புறப்பட்டது. எங்கள் ஊரில் எந்த விளம்பரம் என்றாலும் மைக் கட்டிய குதிரை வண்டியில்தான். கூலிக்குப் பேசுகிறவர் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருக்க, பின்னால் மாஸ்டர் மைக்கோடு இருந்தார். ஒவ்வொரு தெரு முனையிலும் வண்டியை நிறுத்தச் சொன்னார். தீப்பெட்டி ஆபீஸ் வாசல்களில், மில் கேட்டில், ஜவுளிக்கடைத் தெருவில், எங்கள் தெருவிலும் நிறுத்தினார். மதினி காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நான் அன்னைக்கு மைக்ல பேசினது தப்பு. தெரியாம பேசிட்டேன். அதனால மைக்லயே சொல்றேன். ஞாயித்துக்கிழமை பைனல் மூணரை மணிக்கே ஆரம்பிக்குது. ரயிலுக்கு முன்னால முடிஞ்சிடும். தயவு பண்ணி எல்லாரும் வாங்க. பெண்களும் வாங்க."

மூன்றரை மணி வெயிலில் கரிசல் மண்ணில் நிற்பது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். கேப்டன் முணுமுணுத்தான். மாஸ்டர், அவர்கள் பிப்ரவரியிலிருந்து தண்ணீர் சுமக்கிறார்கள், நீ ஒருநாள் வெயில் சுமக்கக்கூடாதா என்று கேட்டார். வெளியூர்க் கல்லூரி டீமின் மாஸ்டரிடமும் அவரே கேட்டுச் சம்மதம் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் மைதானத்துக்குப் போனேன். தூக்கம் வரவில்லை, அதனால் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வெளிச்சத்தில் கறுப்பு மண்ணில் ஒன்றுமே தெரியவில்லை. கொஞ்சம் பக்கத்தில் போனதும் என் கோலுக்குப் பின்னால் பச்சைக் கட்டம் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் காவி. அப்புறம் வெள்ளை, வெள்ளை, வெள்ளை. மைதானத்தைச் சுற்றி ஒரு இடைவெளி இல்லை. தண்டவாளப் பக்கத்து ஓரத்தில் பழஞ்சேலைக் கிழிசல்கள் விரித்திருந்தன. பெண்களும் இடம் பிடித்திருந்தார்கள். அதில் ஊதாப் பூப் போட்ட ஒரு துணியை எனக்கு அடையாளம் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கொடியில் வருஷக்கணக்காகக் காய்ந்த சேலை அது. கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. யாரும் பார்க்கவில்லை, அதனால் துடைத்துக்கொள்ளவுமில்லை.

பிற்பகலில் அத்தனை துண்டின்மேலும் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் வெறுங்குடம். அப்படியே ஸ்டேஷனுக்குப் போக ஏற்பாடாக வந்திருந்தார்கள். மதினி காய்ச்சல் விட்ட முகத்தோடு ஊதாப்பூத் துணியில் உட்கார்ந்திருந்தாள். கோல் விழும்போதும் தப்பும்போதும் குடத்தைத் தட்டினார்கள். நூற்றுக்கணக்கான வெறுங்குடங்கள் ஒன்றாக எழுப்பும் சத்தத்தை நான் அதற்குப் பிறகு எங்கும் கேட்டதில்லை. வெளியூர் டீம் முதலில் மிரண்டுபோனது. அப்புறம் பழகிக்கொண்டது. நல்ல டீம் அது. முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல். இரண்டாவது பாதியில், எங்கள் ஊர் முதல்முதலாகப் பார்த்த அந்த இரண்டாவது பாதியில், எங்கள் லெப்ட் இன் ஒன்றைத் திருப்பினான். சம்சாரி எழுந்து நின்று, பார்த்தீர்களா, தானேதான் கொண்டுபோய் அடித்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதோடு நேரம் முடிந்துவிட்டது. சமம். எக்ஸ்ட்ரா டைம் என்று அம்பயர் சொன்னார்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருந்தார், இதை மட்டும் போடவில்லை. வடக்கே புகை தெரிந்தது. வழக்கமாக அந்தப் புகைக்கு எழுந்துவிடுகிற கூட்டம் எழுந்தது, ஆனால் போகவில்லை. குடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு புகையையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தது. முதலில் பாய் உட்கார்ந்தார். ஒருநாள் தண்ணீர் இல்லாவிட்டால் செத்தா போய்விடுவோம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவரைப் பார்த்து இன்னொருவர் உட்கார்ந்தார். அப்புறம் வரிசையாக. மதினி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக் குழந்தையை நினைத்திருப்பாள். பிறகு அவளும் மெதுவாக உட்கார்ந்தாள்.

மைதானத்தில் நின்ற எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மாஸ்டருக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது. அவர் மேஜைக்கு ஓடினார்.

"எந்திரிங்க. எல்லாரும் ரயிலுக்குப் போங்க. துண்டு இங்கனயே கிடக்கட்டும். நாங்க இன்னைக்குத் துண்டுக்கே ஆடுறோம்."

இங்கன என்று எங்கள் ஊர்ப் பேச்சில் அவர் சொல்லி அன்றைக்குத்தான் நான் கேட்டேன். கூட்டம் ஒரு கணம் அப்படியே இருந்தது. ரயில் ஊதியது. மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம்தான் எழுந்தார்கள். குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார்கள். புழுதி எழும்பி அடங்கியது. துண்டுகள் எல்லாம் அப்படியே கிடந்தன. உட்கார்ந்திருந்த மடிப்புகூடக் கலையவில்லை.

எக்ஸ்ட்ரா டைம் எனக்குக் கனவில் நடந்தது போலத்தான் நினைவிருக்கிறது. சாய்ந்த வெயில். நீளமான நிழல்கள். சத்தமே இல்லை. நாங்கள் ஒரு கோல் போட்டோம், அதற்கும் சத்தமில்லை. கடைசியில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. பந்து இடதுபக்கம் வந்தது. நான் எப்போதும் பிந்தி நீட்டுகிற அந்தப் பக்கம்தான். ரயில் பெட்டியில் பாய் சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்ததா, இல்லை அப்புறம் நானாகச் சேர்த்துக்கொண்டேனா, தெரியாது. காலை நீட்டினேன். பேடில் பட்ட சத்தம் மட்டும் கேட்டது. விசில் ஊதினார்கள். ஜெயித்துவிட்டோம். என் வாழ்க்கையில் நான் தடுத்த மிகச் சிறந்த பந்து அதுதான். திரும்பிப் பார்த்தேன். பச்சைக் கட்டத் துண்டு காற்றில் ஒரு மூலையைத் தூக்கிப் போட்டது.

கோப்பையை யாரோ கொடுத்தார்கள், எங்களில் யாரோ வாங்கினான். மாஸ்டர் எங்களிடம் துண்டுகளை எடுக்கச் சொன்னார். உதறி மடித்து, ஆளுக்கொரு சுமையாகத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். பிளாட்பாரத்தில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். வண்டி வந்து நின்றதும் நிறைகுடங்களோடு இறங்கினார்கள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் யாரும் விடவில்லை, ஆட்டத்தைச் சொல்ல வேண்டும் என்றார்கள். மாஸ்டர் சொல்ல ஆரம்பித்தார். தோளில் துண்டுக் குவியலோடு அவர் காலை நீட்டிக் காட்டியபோது கூட்டமே அசைந்து குடங்கள் தளும்பின.

"தண்ணி சிந்துது மாஸ்டர். நடந்துக்கிட்டே சொல்லுங்க" என்றாள் மதினி.

அவர் முன்னால் பின்னோக்கி நடந்தபடி சொல்லிக்கொண்டே வந்தார். ஊர் முழுக்க நிறைகுடத்தைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு அவர் பின்னால் நடந்தது. நான் தடுத்த பந்தை அவர் சொன்ன அழகுக்கு நான் தடுத்தது பாதிகூட வராது. எங்கள் தெருவரை வந்து, தன் வீட்டுப் படியில் மதினி வைக்கப்போன குடத்தை அவரே கையில் வாங்கிக்கொண்டார்.

பிறகு எவ்வளவோ வருஷம் போய்விட்டது. ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தக் கடைசிப் பந்தைக் கண்ணால் பார்த்ததாகவே சொல்லுவார்கள். பாய் சாகும்வரை, தன் துண்டுக்கு நேராக வந்த பந்து அது என்பார். தொடக்கத்தில் எனக்கு எரிச்சலாக வரும், நீங்கள் யாரும் அங்கே இல்லையே என்று சண்டைக்குப் போவேன். மதினியும் அப்படித்தான். போன மாதம்கூட, அந்த ஊதாப்பூச் சேலையில் உட்கார்ந்து பார்த்தேன், இடதுகாலை ஒரு எத்து எத்தினீர்களே என்று சொன்னாள். நான் சரி என்று தலையாட்டினேன்.

சண்டைக்குப் போக இப்போது என்னாலும் முடியவில்லை. அந்தப் பந்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கும் சத்தம் கேட்கிறது. கூட்டம் எழுந்து நிற்கிறது. மதினி அந்தத் துணியின்மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் குடம் நிறையத் தண்ணீர் இருக்கிறது.